மலைச்சாமியின் சோடா மூடி

புகார் மனுவில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்கு அடியில் பிரபாகரன் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது செல்லத்தாய் கல்யாண மண்டபத்துக்குள் வந்தாள். அவனைத் தேடி வரவில்லை. அவனைத் தாண்டிப் போய், போடிமெட்டிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த குருவம்மாளின் முன்னால் நின்றாள்.

“அம்மா, எங்க வீட்டுக்காரரு தப்புப் பண்ணலை. ஆறு மணிக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறாகளாம். குடுத்துட்டா அவருக்கு ரேடியோ லைசென்சு இந்த ஜென்மத்துல வராது. நீங்க ஒரு தடவ என்னான்னு பாருங்க.”

குருவம்மாள் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். போடியில் ஒரு நகை காணாமல் போனாலும், யாரோ மொட்டைக் கடுதாசி போட்டாலும், ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பிரபாகரன் ஏலக்காய் ஏலக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். குருவம்மாளுக்கு வலது கை என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன். அவர் போகிற இடமெல்லாம் ஒரு நோட்டோடு போவான். இந்த ஒரு விவகாரத்தில் மட்டும் அவருக்கு வேலையே வைக்காமல் தானே கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்று மத்தியானம் வரைக்கும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

போடி ஹாம் ரேடியோ சங்கத்தின் செயலாளரும் அவன்தான். அரசாங்கத் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, செல்போன் டவர் எதுவும் இல்லாமல் கருவிக்குக் கருவி பேசிக்கொள்கிற கூட்டம் அது. மழைக்கு மலையில் டவர் சாய்ந்தால் ஊருக்கும் மலைக்கும் பேச்சு அறுந்துவிடாமல் நாங்கள் இருக்கிறோம் என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்முறை விளக்க நாள். மண்டபத்தில் பெரிய கருவியோடு பிரபாகரன். போடிமெட்டில் கைக்கருவியோடு குருவம்மாள். பள்ளிப் பிள்ளைகள் கீழேயிருந்து வணக்கம் சொல்ல, மேலேயிருந்து பதில் வரவேண்டும். முந்நூறு பேர் வந்து காத்திருந்தார்கள். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக மூன்று தடவை ஓர் ஊளைதான் வந்தது.

“அதுல ஆராய என்ன இருக்கு அக்கா?” என்றான் பிரபாகரன். எழுந்திருக்கவில்லை. மேடையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை நாற்காலி அது. தேக்கில் கை வைத்துக் கடைந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிதான். காலையிலிருந்து செயலாளர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

மலைச்சாமி ஜீப் ஓட்டுகிறவன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவான். ஹாம் தேர்வில் தேறிவிட்டு, லைசென்ஸ் தாளுக்காக ஐந்து மாதமாகக் காத்திருக்கிறான். பழைய கைக்கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தாள் வரும்வரை கேட்க மட்டும் செய்வேன், பேச மாட்டேன் என்று சொல்லித் திரிந்தான். விழாவில் ஒரு வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்ளட்டுமா என்று போன வாரம் கேட்டதற்கு, முதலில் லைசென்ஸ் வரட்டும் என்று பிரபாகரன் நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பியிருந்தான். ஆக, கோபத்துக்குக் காரணம் இருந்தது. கையில் கருவியும் இருந்தது. மூன்றாவது ஊளைக்குப் பிறகு பிரபாகரன் மைக்கைப் பிடித்து, நமக்கு ஆகாத ஒருவன் வெளியிலிருந்து கெடுக்கிறான் என்று சபைக்கு அறிவித்துவிட்டு, தெருக்கோடி ஜீப் நிறுத்தத்துக்குப் போய் மலைச்சாமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினான். செல்லத்தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“கருவியைக் காட்டுங்க” என்றார் குருவம்மாள்.

பிரபாகரன் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பக்கவாட்டில் இருக்கும் பேசு பொத்தானின் மேல் ஒரு சோடா மூடி. அதை இறுக்கிப் பிடித்தபடி, வண்டி டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம்.

“பாருங்கக்கா, கைய எடுத்தாலும் பொத்தான் அமுங்கியே இருந்து, வேற பேச்சை வரவிடாம மறிக்கறதுக்கு ஏற்பாடு. இதைப் பறிச்சப்புறம் ஒரு தடவகூட ஊளை வரலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

சங்கத் தலைவர் உக்கிரபாண்டி, ஏலக்காய் வியாபாரி, தலையை ஆட்டினார். வந்த அதிகாரிகள் முகம் சுளித்துக்கொண்டு கிளம்பிப் போன எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. ஆறு மணிக்கு மனு ஸ்டேஷனில் இருக்கவேண்டும் என்று மறுபடியும் சொன்னார்.

குருவம்மாள் சோடா மூடியைத் தடவிப் பார்த்தார். வளையத்தைக் கழற்றவில்லை. உங்கள் கருவியையும் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள் என்று பிரபாகரனின் இடுப்பைக் காட்டினார். பெல்ட்டில் வலது பக்கம் தொங்கிய கைக்கருவியை அவன் எடுத்துப் பார்த்தான். செத்துக் கிடந்தது.

“காலையில ஃபுல் சார்ஜ் போட்டேன் அக்கா. சத்தம் போட்டு இடைஞ்சல் பண்ணக் கூடாதுன்னு வால்யூமக்கூட சுத்தமாக் குறைச்சுத்தான் வச்சிருந்தேன். பேட்டரி பழசாயிருச்சு போல.”

“இருக்கும்” என்றார் குருவம்மாள். பிறகு மலைச்சாமியையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவன் சுவர் ஓரமாக நின்றான். சட்டையின் வலது கை தோள்பட்டையில் கிழிந்திருந்தது. காலையில் அது கிழியாத சட்டை. பிரபாகரன் அந்தப் பக்கம் பார்க்காமல் நோட்டைப் புரட்டினான்.

“ஊளைன்னீங்களே, எப்படி இருந்துச்சு?” என்று குருவம்மாள் கேட்டார்.

காதைக் கிழிக்கிற மாதிரி கீயென்று ஏறிக்கொண்டே போனது என்று உக்கிரபாண்டி சொன்னார். கல்யாணத்தில் பாட்டுக்காரன் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் கத்துமே, அப்படி.

“ஸ்பீக்கர் சத்தம் தெருக்கோடிக்குக் கேக்குமா?”

கேட்காது, எல்லாக் கதவையும் சாத்தி ஏசி போட்டிருந்தோம் என்றார் அவர்.

“மைக்கு எதுக்குக் கத்துது? ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தை அதே மைக்கு மறுபடியும் பிடிக்கறதால. அப்ப, அமுங்குன பொத்தானோட இருந்த கருவி இந்த ஸ்பீக்கரைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. இந்த மண்டபத்துக்குள்ளேயே இருந்திருக்கு. ஜீப்பு நிறுத்தத்துல இருந்து கெடுத்திருந்தா ஊளை வந்திருக்காது. ஜீப்பு சத்தம்தான் வந்திருக்கும்.”

உக்கிரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னுடைய கருவி காலையிலிருந்து வீட்டில்தான் இருக்கிறது என்று அவசரமாகச் சொன்னார். சங்கத்தில் கைக்கருவி மொத்தம் மூன்று. ஒன்று தலைவர் வீட்டில். ஒன்று மலையில் குருவம்மாளிடம். மூன்றாவது பிரபாகரனுடையது.

“தம்பி, நேரமெல்லாம் குறிச்சிருப்பீங்களே. படிங்க.”

அவன் படித்தான். ஊளை முதலில் தொடங்கியது பத்து நாற்பத்திரண்டு. நின்றது பத்து நாற்பத்தொன்பது.

“நிக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“எவன்னு பாக்க எந்திரிச்சு வாசலுக்குப் போனேன். நான் வர்றதைப் பாத்துட்டு நிறுத்திட்டான்.”

“மறுபடி?”

பத்து ஐம்பத்து மூன்று. தான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் தொடங்கியது. பதினொன்று ஒன்றுக்கு நின்றது. அப்போது தெருவரைக்கும் போய்ப் பார்த்தான். பதினொன்று ஆறு. வந்து உட்கார்ந்தான், தொடங்கியது. பதினொன்று பதினைந்து. மைக்கைப் பிடிக்க எழுந்தான்.

“அவன் என்னையேதான் அக்கா பாத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் உக்காந்தா ஆரம்பிக்கிறான், நான் எந்திரிச்சா…”

அந்த வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை. தன் கையெழுத்தில் தானே எழுதிய ஆறு நேரங்களும் நோட்டில் வரிசையாக நின்றன. காலையில் அவற்றை எழுதும்போது எதிரியின் குள்ளநரித்தனத்தை எண்ணி அவன் உள்ளுக்குள் வியந்துகூட இருந்தான்.

குருவம்மாள் கைப்பையிலிருந்து தன் கருவியை எடுத்து, அதன் பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இருவருடையதும் ஒரே ரகம்.

“நான் சொல்லலை தம்பி. நீங்களே போட்டுப் பாருங்க.”

உண்மையைச் சொல்வதை அவனிடமே விட்டுவிட்டார் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பேட்டரி பொருந்தவில்லை என்று சொல்லலாம். மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, போகட்டும் மன்னித்துவிட்டோம் என்று பெரிய மனிதன் வேஷம் போடலாம். இரண்டும் அவன் மனதில் வந்து போனதை எண்ணி அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். சுவரோரம் செல்லத்தாய் தன் புருஷனின் கிழிந்த சட்டைக் கையைத் தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரபாகரன் பெரிய கருவியைப் போட்டான். ஸ்பீக்கரைத் திறந்தான். பேட்டரியை மாட்டி, கைக்கருவியைக் காலையில் இருந்த மாதிரியே இடுப்பில் செருகினான். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தான். தேக்குக் கை அவன் இடுப்பை அழுத்தியது. மண்டபம் கிழிகிற மாதிரி ஊளை கிளம்பியது.

எழுந்தான். நின்றது.

யாரும் கேட்காமலேயே அவன் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தான். உக்கிரபாண்டி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். காலை முழுக்க போடிமெட்டிலிருந்து குருவம்மாள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கீழே செயலாளரின் இடுப்பு அதை விழுங்கிவிட்டிருக்கிறது. பொத்தான் அமுங்கியே கிடந்து பேட்டரி தீர்ந்துபோனதால்தான் மலைச்சாமியின் கருவியைப் பறித்தபிறகு ஊளை வரவில்லை.

“அப்ப அந்த மூடி?” என்று உக்கிரபாண்டி கேட்டார்.

குருவம்மாள் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் காட்டினார். மூடியின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி, பொத்தானைத் தொடாமல் அதன்மேல் கூரைபோல நிற்கும்படி வளைத்திருந்தது. கட்டை விரலால் எவ்வளவு அழுத்தினாலும் அடியில் பொத்தான் அசையவில்லை.

“எதுக்கு இது?” என்று மலைச்சாமியிடம் கேட்டார்.

“கொண்டை ஊசி வளைவுல வண்டி குலுங்கும்மா. சீட்டுல பட்டு பொத்தான் அமுங்கிறக் கூடாதுல்ல. லைசென்சு இல்லாம நம்ம சத்தம் காத்துல போனாத் தப்பு.”

பிரபாகரனுக்கு லைசென்ஸ் வந்து ஏழு வருஷம். பொத்தானை மூட வேண்டும் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சட்டம் தெரியாதவன் என்று யாரை நினைத்தானோ அவன் சோடா மூடியைத் தட்டி வளைத்துச் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறான். மனுவை எடுத்து நான்காகக் கிழித்தான். கருவியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் மலைச்சாமியிடம் நீட்டினான்.

“தப்பு என் பேர்ல. மன்னிச்சிருங்க மலைச்சாமி.”

மலைச்சாமி கருவியை வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

“காலையில சொன்னப்ப முந்நூறு பேரு இருந்தாக சார். எங்க ஜீப்புல வர்ற பொம்பளையாளுகளும் இருந்தாக. இப்ப அஞ்சு பேரு இருக்கோம். நாளைக்கு அவுக எங்கிட்ட என்ன கேப்பாகன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?”

செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். குருவம்மாள் தன் பேட்டரியைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பையில் போட்டார். வழக்கமாக ஒரு விவகாரம் முடிந்தால், எழுதியாச்சா தம்பி என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிரபாகரன் ஜீப் நிறுத்தத்தில் நின்றான். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்ததும் பாதி மறந்துபோனது. வரிசையாக ஜீப்புகள் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. மலைச்சாமியின் ஜீப்பில் தூக்குச்சட்டியோடு பதினாலு பெண்கள். கடைசியில் செல்லத்தாய். அவளும் தோட்ட வேலைக்குப் போகிறவள்தான். ஒருத்தி இவனை அடையாளம் கண்டு பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

“நேத்து மண்டபத்துல கெட்டுப்போனதுக்குக் காரணம் நான்தான்” என்று பிரபாகரன் தொடங்கினான். தன் கருவி அமுங்கியிருந்ததைச் சொன்னான். தெரியாமல் மலைச்சாமிமேல் பழி போட்டதைச் சொன்னான். சட்டையைக் கிழித்ததைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. வெரசாப் போகணும், எஸ்டேட்டில் அரை நாள் கூலி போயிரும் என்று முன்னால் ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

“பின்னால கேக்கல சார்” என்றாள் செல்லத்தாய்.

மலைச்சாமி அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான். அதைப் பார்த்துப் பக்கத்து ஜீப்புக்காரனும் அணைத்தான். அதற்கடுத்தவனும் அணைத்தான். நிறுத்தம் முழுக்கச் சத்தம் அடங்கி, டீ ஆற்றுகிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

மலைச்சாமி நேற்று வாங்காமல் விட்டுப்போன கருவியைக் கையில் பிடித்தபடி பிரபாகரன் முதலிலிருந்து மறுபடியும் சொன்னான்.