இரண்டோடு நின்ற குரல்

இரண்டு மழைக்காலம் கழுவியும் அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் வாடை போகவில்லை. சண்டை விமானம் ஒன்று மலைமேல் திண்ணனூர் நாட்டுக் காட்டில் நொறுங்கிக் கிடக்கிறது என்று பேளுக்குறிச்சிச் சந்தையில் வாயை விட்டவன் செங்கோடன்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. இப்போது ஒரு வெள்ளைக்கார ஆபீசரும், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல நாமக்கல் குமாஸ்தா சின்னுசாமியும் வந்து நிற்கிறார்கள், வழிகாட்ட இவன்.

நசுங்கிய தகரத்துக்குள் இருக்கை இரண்டு. ஒன்றில் எலும்புகள் வாரோடு கிடந்தன. மற்றதில் வார் அறுபடவில்லை, அவிழ்க்கப்பட்டிருந்தது. ஒருவன் உயிரோடு இறங்கிப் போயிருக்கிறான், அவன் தாய் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறாள் என்றார் ஆபீசர்.

விமானம் விழுந்த நாற்பத்து மூன்றாம் வருசத்து ஆனியில்தான், செங்கோடன் வீட்டுக்கு மேலே உள்ள மேட்டிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் குரல் வரத் தொடங்கியது. தினமும் இரண்டே தரம். மூன்று தரம் கூப்பிட்டால் மனுசன், இரண்டோடு நின்றால் பேய், பதில் கொடுத்தால் கூடவே வந்துவிடும். மலையில் இது குழந்தைக்கும் தெரியும். கதவைச் சாத்தி, வாசலில் சாம்பல் கோடு போட்டான். அந்த மேட்டுப் பக்கமே அப்புறம் யாரும் போகவில்லை.

வேறு பக்கம் தேடலாம் என்று சொல்லிப் பார்த்தான். ஆபீசர் கேட்கிற ஆளா? முள்ளில் பாராசூட் பட்டுத்துணிக் கிழிசல். கொஞ்சம் கீழே ஒரு பூட்ஸ். மண்ணில் ஊன்றிய தடி ஒன்று, அதற்கும் கீழே. எல்லாம் அவன் வீட்டை நோக்கியே இறங்கின. பனி மூடியது. பெட்ரோல் வாடை போய் அடுப்புப் புகை வந்தது.

அவன் வீட்டு அடுப்பு.

பலா மரம். அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், வாரை அவிழ்த்துப் போனவன். எலும்புதான். இடது கால் இரண்டாக முறிந்திருந்தது. தின்று துப்பிய கொட்டைகள் சுற்றிலும் முழங்கால் உயரக் கன்றுகளாய் நின்றன. முகம் கீழே பார்த்தது. கீழே செங்கோடன் வீட்டுக் கூரை. மரப்பட்டையில் நாளுக்கு ஒன்றாய்க் கத்திக் கீறல். சின்னுசாமி எண்ணினார்.

“பத்தொம்பது நாளு இங்கிருந்து கத்தியிருக்கறான். ஏப்பா செங்கோடா, உங்க ஊட்டுல ஒருத்தருக்குங்கூடக் கேக்கலியா?”

“கேக்கலீங்க.”

பாவி. மூன்றாம் தரம் கூப்பிட அந்த உடம்பில் மூச்சு ஏது? பேய் என்று சாம்பல் போட்டு ஒரு தாய் பெற்ற பிள்ளையைக் கொன்றாயிற்று. ஆனால் பத்தொன்பது நாளில் செத்தவன்தானே இவன்?

நேற்றும் கூப்பிட்டதே.

எலும்புகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவர்கள் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிப் போனார்கள். செங்கோடன் வீட்டை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குரல் வரவில்லை. கதவு திறந்து கிடந்தது. அவன் பெண்டாட்டி பொன்னாயி வாசலுக்கு வெளியே நின்றாள்.

“இன்னைக்குக் கூப்புடலீங்க,” என்றாள். “நேரா உள்ள வந்துருச்சுங்க.”

எட்டிப் பார்த்தான்.

அடுப்போரம். சுவரில் சாய்ந்து. முறிந்த காலை நீட்டியபடி, இரண்டு கைகளையும் தீக்குள்ளேயே வைத்து அது குளிர்காய்ந்துகொண்டிருந்தது.