டெனிஸ் கடையில் ஒரு மழைச் சனிக்கிழமை

“இந்தப் பொண்ணு கலர்தான் என் தங்கச்சியும்... கல்யாணத்துக்கு இதைவிட ரெண்டு ஷேட் வெளுப்பா எடுத்துட்டா சரியா இருக்கும்...”

முதுகுக்குப் பின்னால் யாரோ தமிழில் முணுமுணுத்ததும் மரகதத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணாடி முன் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினாள்.

மழைக்கு ஒதுங்கியவன் போலும். தலையெல்லாம் நனைந்து, கையில் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷன் பாட்டிலோடு நின்றான். பெரிய கண்கள்... அநியாயத்துக்கு அப்பாவியான கண்கள்!

“ஏன் சார், உங்க தங்கச்சி என் கலர்லயே மணமேடை ஏறினா மாப்பிள்ளை ஓடிருவாரா?”

பாட்டில் நழுவப் பார்த்தது. “ஐயோ... நீங்க தமிழாங்க?”

“கோபம் வந்தா சுத்தத் தமிழ்!”

அவன் பாட்டிலை வைத்துவிட்டு, கொட்டுகிற மழையிலேயே வெளியேறினான். கடைக்காரி டெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

டெனிஸ் ஒரு காலத்தில் நியூயார்க் மேடைகளில் நடந்த மாடல். ரிச்சர்ட்சன் ஊரில் அவள் போட்ட அழகுசாதனக் கடை இது. சுவர் முழுக்கக் கறுப்பு அழகிகளின் படங்கள். ஒட்ட வெட்டிய தலையோடு ஒருத்தி, நூறு பின்னலோடு ஒருத்தி, தங்க நிற உதட்டுச் சாயத்தோடு இன்னொருத்தி... ஒருத்தி முகத்திலாவது மன்னிப்புக் கேட்கிற பாவனை? கிடையாது! அதற்காகவே டெலிகாம் கம்பெனி வேலைக்கு நடுவிலும் மரகதம் இங்கே ஓடி வருவாள்.

இன்று வந்தது வேறு காரியமாக. வரன் பார்க்க அம்மா போட்டோ கேட்டிருந்தாள்; அதற்கு டெனிஸ் கையால் அலங்காரம். போன தடவை விருதுநகர் ஸ்டூடியோக்காரர் ‘டச்சப்’ செய்து அவளைச் சிவப்பாக்கிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் நேரில் பார்த்ததும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்த அவமானம் இன்னும் வலித்தது. இந்தத் தடவை அவள் நிறம் அவள் நிறமாகவே போகும். பிடித்தவன் வரட்டும்!

அடுத்த சனிக்கிழமை, எடுத்த படத்தை டெனிஸிடம் காட்ட வந்தால்... அவன்!

“செழியன்ங்க, ஈரோடு. தங்கச்சிக்கு போன் பண்ணி, எந்தக் கலர் வேணும்னு கேட்டேங்க. ‘அண்ணா, இத்தனை வருஷத்துல இப்பத்தான் என்னைக் கேக்கறே’ன்னு அழுதுட்டா...” கையிலிருந்த பையை உயர்த்திக் காட்டினான். “அவ கலர்லயே வாங்கிட்டேங்க.”

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் வீம்பு இருக்கிறதே!

“இதைச் சொல்லவா வந்தீங்க?”

“இல்லீங்க... வரனுக்கு போட்டோ அனுப்பப் போறீங்கன்னு டெனிஸ் சொன்னாங்க. அனுப்பாதீங்க. அன்னைக்குத் திரும்பி முறைச்சீங்களே... அதுலயிருந்து எனக்கு வேற முகமே ஞாபகம் வரலீங்க. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு.”

படத்தை டெனிஸிடம் காட்ட வந்ததே அவளுக்கு மறந்துபோனது. இருந்தாலும் கேட்டாள். “உங்கம்மா சிவப்பாத் தேடுவாங்களே?”

“தேடிட்டுதாங்க இருக்காங்க. கறுப்பா ஒரு பொண்ணைப் பாத்தேன், கட்டினா அவளைத்தான்னு நேத்து சொன்னேன். போனை வெச்சுட்டாங்க.”

“அப்புறம்?”

“திரும்ப டயல் பண்ணி, திரும்பவும் சொன்னேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“தப்புதாங்க... இப்ப கேக்கறேன்.”

கடையில் நாலைந்து பெண்கள் உதட்டுச் சாயத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! மரகதம் தலைகுனியவில்லை, அந்தப் பெரிய கண்களை நேராகப் பார்த்தாள்.

“எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு, செழியன்” என்றாள், குரலைக் கொஞ்சமும் தணிக்காமல்.