சாத்தக் கூடாத கதவு

என் தம்பி மகன் சீனிவாசகத்தின் கல்யாண ஊர்வலத்தில், பூச்சரம் கட்டிய காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, கோயிலிலிருந்து வீடு வரை நான் நடந்தே வந்தேன். விருதுநகர் கடைவீதி முழுவதும் அதைப் பார்த்தது. அன்று முதல் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பேச்சு. சீனிவாசகம் கோழை என்பது அதற்கு முன்பிருந்தே நடக்கும் பேச்சு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கோழை என்று சொல்ல நான் விடமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அறுபத்தொன்றாம் வருடம் தீபாவளி சீசன் முடிந்த கையோடு, நானும் அவனும் எங்கள் பழைய மிளகாய் வத்தல் கிடங்குக்கு, எங்கள் பேச்சில் கிட்டங்கிக்கு, போனோம். பூட்டைத் திறந்ததும் நெடி தாக்கி இருவருக்கும் தும்மல் வந்தது. மூலையில் சாக்குப் படுதாவுக்கு அடியில் என் தம்பி அய்யாதுரையின் ஆஸ்டின் கார் நின்றது. அவன் காலமான பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை.

படுதாவை விலக்கினோம். இடது பின்கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. அதைக் கட்டி வைத்திருந்த கயிறு தரையில் கிடந்தது.

"எலி கடிச்சிருக்கும்," என்றேன்.

சீனிவாசகம் கயிற்றை எடுத்துப் பார்த்தான். "கடிக்கல பெரியப்பா. முடிச்ச அவுத்திருக்கு."

அந்தக் கதவின் கதையைச் சொல்லியாக வேண்டும். எம். புதுப்பட்டியில் எங்களுக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. எங்கள் தொழிலில் முதல் பாடமே கதவுதான். வெடிமருந்து அறைகளின் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நடக்கும்போது எதையும் சாத்தக் கூடாது. காற்றில் ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டால்கூடப் பெண்கள் கையிலிருப்பதை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடிவிடுவார்கள். எங்களிடம் வேலை பார்த்த பாலம்மாள் அப்படிப் பழகியவள். வெள்ளி மருந்து என்று நாங்கள் சொல்லும் அலுமினியப் பொடியை அள்ளி அள்ளி அவள் கைகள் எப்போதும் சாம்பல் வெள்ளியாக மின்னும். ஒருநாள் அவள் அறையில் தீப்பிடித்தது. என் தம்பி வேறு வண்டிக்குக் காத்திருக்கவில்லை. சொந்தக் காரில், பின்சீட்டில் அவளைக் கிடத்தி, மதுரைக்குத் தானே ஓட்டிப்போனான். எந்த முதலாளி செய்வான்? வழிநெடுக அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தாளாம். "கதவத் தொறங்க மொதலாளி, கதவத் தொறங்க." ஓடுகிற காரில் எப்படித் திறப்பது? திருமங்கலம் தாண்டியதும் தட்டும் சத்தம் நின்றுவிட்டது என்று தம்பி சொன்னான்.

அதன் பிறகு அந்தக் கதவு சாத்தி நின்றதில்லை.

இந்தக் காரைத்தான் சீனிவாசகம் சோழவரம் பந்தயத்துக்குத் தயார் செய்ய ஆசைப்பட்டான். சென்னைக்கு அப்பால், பழைய விமானத் தளத்தில் நடக்கும் பந்தயம் அது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் சீமைக் கார்களோடு வருவார்கள். எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை. ஆனால் அய்யாதுரையின் பெயர் ஒருமுறையாவது ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

விருதுநகர் பொன்ராஜ்தான் மெக்கானிக். மதுரைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கார்புரேட்டர், உடைந்த லாரியிலிருந்து கழற்றிய வில்லுப்பட்டை என்று கிடைத்ததைப் பூட்டினான். எடையைக் குறைக்க மட்கார்டையும் சீட்டையும் கழற்றி எறிந்தான். பின்பக்கக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, எண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்திய தகரத்தை வைத்து அடைத்தான். டின்களில் இருந்த மயில் முத்திரை காருக்குள் தலைகீழாகத் தெரிந்தது.

"பாடி ஆடுது மொதலாளி," என்றான் ஒருநாள். "நாலு கதவையும் வெல்டு வச்சு அடைச்சிட்டா கெட்டியா நிக்கும்."

"அப்ப எப்படி ஏறுறது?"

"முன் ஜன்னல் வழியாத்தான். தம்பிக்கு ஒல்லி ஒடம்பு. நீங்க ஏறணும்னாத்தான் காரை ரெண்டா அறுக்கணும்."

பட்டாசுக்காரன் வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். கதவை அடைக்கலாமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடைத்துவிட்டோம்.

மறுநாள் உச்சி வெயிலில் கிட்டங்கிக்குள் அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தில் விரல் முட்டியால் தட்டுவது போல.

"சூடுபட்ட இரும்பு அப்படித்தான்," என்றான் பொன்ராஜ். ஆனால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சிலுவை போட்டான்.

சத்தம் அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். வத்தல் நெடியை மீறி, கிட்டங்கிக்குள் கந்தக வாடை வீசத் தொடங்கியது.

சேதி எப்படியோ கடைவீதிக்குப் போய்விட்டது. எண்ணெய்க்கடை சங்கிலிமுத்து பத்துப் பேர் கேட்க என்னை நிறுத்தினான். "என்ன அண்ணாச்சி, சோழவரத்துக்கு ரெண்டு பேராப் போறாகளாம்ல? முன்னால ஒங்க மகன், பின்னால பாலம்மா!"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் அந்த வண்டியில பின்னால நான் உக்காந்து வருவேன். கண்ணு இருந்தா வந்து பாரும்," என்றேன்.

சொன்னபடி செய்தேன். அறுபது வயதில், கடைவீதி வேடிக்கை பார்க்க, ஜன்னல் வழியாக என்னைத் தலைமுதலாக உள்ளே தள்ளினார்கள். "வேட்டிய இறுக்கிக் கட்டுங்க மொதலாளி, ஊரு பாக்குது," என்றான் பொன்ராஜ். பின்னால் ஒரு பலகை போட்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுற்றிலும் தகரம். வெளிச்சம் முன்பக்கமிருந்து மட்டுமே வந்தது. அடுப்புக்குள் உட்கார்ந்தது போல வெக்கை.

மல்லாங்கிணறு சாலையில் சீனிவாசகம் வண்டியை விரட்டினான். பொன்ராஜ் கடப்பாரையும் கருவிப்பையுமாக மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தான். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பையன் நன்றாக ஓட்டினான்.

பிறகு வெக்கை கூடியது.

கந்தக நெடி அடித்தது.

என் இடது தோளோரம், அடைத்த கதவின் உள்பக்கத்தில், யாரோ தட்டினார்கள்.

சீனிவாசகம் திரும்பாமலே கேட்டான். "பெரியப்பா, எதுக்குத் தட்டுதீக?"

"நான் தட்டலை. ரோட்டைப் பாரு."

மறுபடியும் தட்டினார்கள். இந்த முறை வேகமாக. பலகை என் பக்கத்தில் அமிழ்ந்தது. இன்னொருவர் பாரம் ஏறியது போல.

என் காதோரம் ஒரு குரல் முனகியது.

"கதவத் தொறங்க மொதலாளி."

சீனிவாசகம் அலறவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். பிரேக்கை அழுத்தினான், வண்டி சாலையை விட்டு விலகிக் கரிசல் காட்டுக்குள் இறங்கி, ஓடைக்கரையில் மோதி நின்றது. இன்ஜின் அணைந்தது. பெட்ரோல் ஒழுகும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் ஜன்னலில் தலையை நீட்டினான். பாதி உடம்பு வெளியே போனதும் நின்றுவிட்டான்.

"பெரியப்பா, என் தோள விடுங்க. நான் போயி ஒங்கள இழுக்கேன்."

நான் அவன் தோளைப் பிடிக்கவில்லை. என் இரண்டு கைகளும் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தன.

அவன் சட்டையின் தோளில் ஐந்து விரல்கள் வெள்ளியாக மின்னின. அவன் வெளியே முண்டினால் துணி பின்னால் இழுபட்டது. உள்ளே திரும்பினால் தளர்ந்தது.

பொன்ராஜ் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். பயனில்லை. "சட்டையக் கழத்திட்டு வாங்க தம்பி! தீப்பிடிச்சா அம்புட்டுத்தான்!"

சட்டையைக் கழற்றியிருந்தால் அவன் தப்பியிருக்கலாம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இருட்டில் என் பக்கத்தில் இருந்ததையும் பார்த்தான் என்றே நினைக்கிறேன். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

"எங்கள விடமாட்டா அண்ணே. மொதல்ல அவ எறங்கணும். பின்கதவ ஒடைங்க."

பேய்க்குப் பயந்து உள்ளேயே ஒடுங்கிவிட்டான் என்று, இதைத்தான் ஊர் கோழைத்தனம் என்கிறது.

"கடப்பாரையால நெம்புனா பொறி பறக்குமே தம்பி!"

இரும்பின் பொறி என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாதா? என் சரிகை அங்கவஸ்திரத்தை முன்பக்கம் வீசினேன். பொன்ராஜ் அதை ஓடைத் தண்ணீரில் நனைத்துக் கடப்பாரையில் சுற்றி, வெல்டு வைத்த இடுக்கில் கொடுத்து நெம்பினான். வெளியே அவன் நெம்ப, உள்ளே தட்டும் சத்தம் மழையாகப் பொழிந்தது. எனக்கு மூச்சு முட்டியது. இருளில் தகரத்தை நானும் அறைந்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நானே கேட்டேன்.

"கதவத் தொறங்க. கதவத் தொறங்க."

வெல்டு விட்டது. கதவு வெளிப்பக்கமாக விழுந்தது.

யாரோ என் முழங்காலை உரசிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்கள்.

நாங்கள் வெளியே வந்தபோது, மழை ஈரம் காயாத கரிசலில் வெறுங்கால் தடங்கள் கதவடியிலிருந்து போயிருந்தன. சிறிய பாதங்கள். பருத்திக் காட்டின் நடுவில் அவை நின்றுவிட்டன.

சீனிவாசகம் அதற்குமேல் பந்தயத்தைப் பற்றிப் பேசவில்லை. "அவ எறங்கிட்டா பெரியப்பா. போதும்." காரை உடைத்து இரும்பு விலைக்குப் போட்டோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அவனுக்குச் சாத்தூரில் பெண் பார்த்து முடித்தோம். பெயர் பொன்னுத்தங்கம். வெள்ளிக்கிழமை காலை, கோயிலில் தாலி கட்டியதும், மதுரையிலிருந்து வாடகைக்கு வந்த புது அம்பாசடர் காரில் இருவரையும் ஏற்றினேன். அந்தப் பெண்ணுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லியிருக்க முடியாது, சொல்லக் கூடாது என்பது என் உத்தரவு.

கதவைச் சாத்தப் போனேன்.

"மாமா, சாத்தாதீக," என்றாள் தாழ்ந்த குரலில். "இந்த அக்காவுக்குக் கதவு தொறந்திருக்கணுமாம்."

மணமக்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. சீனிவாசகம் என்னைப் பார்த்தான். அவன் கை தன் பக்கத்துக் கதவின் பிடிக்குப் போனது. ஆனாலும் அவன் இறங்கவில்லை. மனைவியை விட்டு இறங்கவில்லை.

பொன்னுத்தங்கத்தின் கூறைப்புடவையில், தோளின்மேல், ஐந்து வெள்ளி விரல்கள்.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நாகஸ்வரம் வாசித்தார்கள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லி, கூடவே நடந்தேன். சங்கிலிமுத்து கடை வாசலில் நின்று சிரித்தான். நான் தலையைக் குனியவில்லை.

வீட்டு வாசலில் பையனின் தாய் சொர்ணலட்சுமி ஆலத்தித் தட்டோடு காத்திருந்தாள். மணமக்கள் இறங்கி, அவள் சுற்றி வாசலில் ஊற்றிய சிவப்பு ஆலத்தி நீரை மிதித்து உள்ளே போனார்கள். காலித் தட்டை ஏந்தியபடி அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தான், பொண்ணும் மாப்பிள்ளையும்தான வந்தாக?"

புதிதாக மெழுகிய வாசற்படியில் அவள் பார்வை நிலைத்திருந்தது. இரண்டு ஜோடிக் கால்களின் சிவந்த ஆலத்தித் தடங்களுக்கு நடுவே, சாம்பல் வெள்ளியாக மூன்றாவது ஜோடி, சிறிய பாதங்கள், உள்ளே போயிருந்தன.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு கதவையும் சாத்துவதில்லை. கேட்பவர்களிடம், எங்கள் வீடு யாருக்கும் அடைத்ததில்லை என்று சொல்கிறேன். தினமும் விடிந்ததும் நானே வாசற்படியைப் பார்க்கிறேன்.

வெளியே போன தடத்தை இன்னும் காணவில்லை.