முதல் வாய்

ஊற்றறிவான் வந்த பிறகு, எதைப் பகிர்வதற்கும் யாருக்கும் பயமில்லாமல் போயிற்று. இணையத்தில் உலவும் எந்த அவதூறையும் அந்த எந்திரம் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போய், முதலில் சொன்ன வாயைக் காட்டிக்கொடுத்துவிடும். வார்த்தையை மாற்றினாலும் ஆளை மாற்றினாலும் தப்ப முடியாது. எண்ணத்தின் அச்சு ஒன்றாக இருந்தால் போதும், எல்லாம் ஒரே கணக்குதான். சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. முதல் வாய்க்குத் தண்டனை, பரப்பியவர்களுக்குக் குற்றமில்லை என்று ஒரு பச்சைச் சான்று. அருமையான ஏற்பாடு, பரப்புகிறவர்களுக்கு.

சென்னைக்குத் தெற்கே இருந்த அல்லிக்குளம் குடியிருப்பின் இணையக் குழுவுக்குத் தமயந்திதான் நிர்வாகி. நல்லவள் என்று பெயர் எடுத்தவள். எதிர் வீட்டு மிசோரம் நர்ஸ் ரெம்ருவாத்தியின் தம்பி சங்காவை, பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லிப் பக்கத்துத் தெருவில் அடித்துப் போட்டபோது, ஆம்புலன்சில் கூடப் போனவளும் அவள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெம்ருவாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை ஆரம்பிச்சவங்க யாரா இருந்தாலும் விட மாட்டேன் ரெம்மி. இப்பவே ஊற்றறிவானுக்கு மனு போடறேன்.”

“வேணாம்க்கா.”

“ஏன் வேணாம்? பயப்படாதே, நான் இருக்கேன்ல.”

ரெம்ருவாத்தி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் அதிகாரி பெனடிக்ட் எந்திரத்தை முடுக்கினார். திரையில் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி ஓடின. ‘வடகிழக்குப் பசங்க பிள்ளை பிடிக்கிறாங்க, உஷார்!’ அதற்கு முன், ‘குழந்தைகளைத் தனியா விளையாட விடாதீங்க.’ அதற்கும் முன், ‘ஆட்டுக்குட்டியைக் காணோம். யாருன்னு சொல்லணுமா?’ தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பதிவோடு திரை நின்றது.

‘முதல் மாடி நாய்க்குட்டியைக் காணோமாம். எதிர் வீட்டுல இன்னைக்கு விருந்தோ? அவங்க எல்லாம் அப்படித்தானே!’

அனுப்பியவர்: தமயந்தி.

“சார், இது சும்மா ஜோக்கு! நாய்க்குட்டி அன்னைக்கே கார் ஷெட்டுல கிடைச்சிடுச்சு. ரெம்மியே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கா, பாருங்க!”

போட்டிருந்தாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கடைசி ஆளாக.

அன்றே சங்கா இறந்துபோனான். பிணவறை வாசலில் தமயந்தியால் ரெம்ருவாத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே ரெம்மி?”

“புதுசா குடி வந்திருந்தோம்க்கா. கோபப்பட்டா அடுத்த ஜோக்கு அதைப் பத்தி வரும். அதான் சிரிச்சேன்.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பிறகு தமயந்தியோடு பேசவே இல்லை.

குடியிருப்பில் எல்லோருக்கும் பச்சைச் சான்று வந்து சேர்ந்தது. அடித்தவர்கள்கூட வக்கீலிடம் அதைத்தான் நீட்டினார்கள். தமயந்தியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவள் தென்காசிப் பக்கத்துக்காரி என்பது திடீரென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. குழுவில் ஒரு பதிவு சுற்றியது: ‘தெக்கத்தி ஆளுங்க எல்லாம் அப்படித்தான். சிரிச்சுக்கிட்டே கொல்லுவாங்க. அவங்க வீட்டுப் பிள்ளையோட நம்ம பிள்ளைங்களைச் சேர விடாதீங்க.’

தமயந்தி மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஒருநாள் மகள் நேத்ரா, விளையாடப் போன இடத்திலிருந்து நெற்றியில் கல்லடிக் காயத்தோடு வந்தாள்.  தமயந்தி காயத்துக்குக் கட்டுப் போட்டதும் குழந்தையை இழுத்துக்கொண்டு பெனடிக்டிடம் ஓடி, அந்தப் பதிவை ஆரம்பித்தது யார் என்று கேட்டு மனுவைக் கொடுத்தாள்.

எந்திரத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

‘பழைய அச்சு. ஊர் மட்டும் புதிது. முதல் வாய்: தமயந்தி.’

“மத்தவங்களுக்கு எல்லாம் பச்சைச் சான்று போயிடும்மா,” என்றார் பெனடிக்ட், நிமிர்ந்து பார்க்காமல். “உங்க வழக்குலதான் இதையும் சேர்ப்பாங்க.”

வெளியே பெஞ்சில் நேத்ரா கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றிக் கட்டின் மேல் ரத்தம் கசிந்திருந்தது.

“யாருன்னு தெரிஞ்சுதாம்மா?” என்று கேட்டாள். “யாரா இருந்தாலும் விடாதேம்மா.”