மஞ்சள் கட்டடத்துக் கதவு

காலை எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடையைத் திறக்க வந்தவர், பக்கத்து மஞ்சள் கட்டடத்துக்கு வாசற்கதவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். தெரு மாறி வந்துவிட்டோமோ என்று முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு மனைவிக்குப் போன் செய்தார். மனைவி அந்த வட்டாரத்து இன்ஸ்பெக்டர். அவருக்கு வீட்டுப் புகாருக்கும் போலீஸ் புகாருக்கும் ஒரே நம்பர்தான்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கொடியும் கிளியுமாகச் செதுக்கிய இரட்டைக் கதவு போன இடம் தெரியவில்லை. நிலை மட்டும் நின்றது. அதையும் யாரோ ஒரு பழைய பிளைவுட் பலகையால் அடைத்திருந்தார்கள். பலகையில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’ என்று எழுதியிருந்தது. கீழ்ப்பாதி கரைந்துபோயிருந்ததால், அந்த வேண்டுகோளை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை.

பதினோரு மணிக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு வருகிறது. கூரை மாறிவிட்டது, தரை மாறிவிட்டது, ஜன்னல்கள் அலுமினியம் ஆகிவிட்டன. அசலாக மிஞ்சியது கதவு ஒன்றுதான். அது இருந்தால் கட்டடம் பட்டியலில் சேரும், இல்லையென்றால் இடிக்கலாம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டக் காத்திருக்கும் பில்டருக்கு நிலத் தரகர், இன்ஸ்பெக்டரின் சொந்தத் தம்பி.

“நான் எதுவும் சொல்லல. உன் தம்பி போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குன்னு மட்டும் சொல்றேன்” என்றார் கணவர்.

“சொல்லாமயே நல்லா சொல்றீங்க.”

இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கையில் இன்ஸ்பெக்டரே விலங்கு மாட்ட வேண்டி வருமோ? அவனைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, நிலையைக் குனிந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. திருடன் கீல்களோடு துருப்பிடித்த திருகாணிகளையும் பொறுக்கிக்கொண்டு போயிருந்தான். ராத்திரி தெருவுக்குள் ஒரு வண்டியும் வரவில்லை என்று எதிர் பேக்கரிக்காரர் சத்தியம் செய்தார்.

அடுத்து, பழுதுபார்க்கும் வேலையை எடுத்திருந்த இன்ஜினியர்.

“கடைசியா கதவுகிட்ட யார் இருந்தது?”

“தச்சர், மேடம். பெயிண்டை உரிச்சு பாலிஷ் போடணும். குழு வர்றதுக்குள்ள கதவைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்துடுங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“நாலு ஆள் வேணும்னார். கூட்டிக்கோங்கன்னேன். இப்போ போனை எடுக்கல. அசந்து தூங்குறார் போல.”

அதற்குள் தம்பி கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தான். “என்னக்கா, போலீசை விட்டு எழுப்புற?”

அவன் முகத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டருக்குத் தைரியம் வரவில்லை. பலகையைப் பார்த்தார். காலையிலிருந்து எல்லோரும் படித்துச் சிரித்த வரியை அப்போதுதான் போலீஸ்காரராகப் படித்தார்.

“இந்தப் பலகை இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?”

“பக்கத்துச் சந்துல. அடைச்சு வச்ச பழைய வாசல்ல” என்றார் கணவர்.

“இன்னிக்கு அங்க யாராவது போய்ப் பார்த்தீங்களா?”

“மூக்கு இருக்கிறவன் போவானா?”

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். சந்தின் நடுவில், பழைய வாசலில், பாலிஷ் மின்ன நின்றது கதவு. கிளிகூடக் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது.

“கதவைத் திருடினது நீங்கதான் சார்” என்றார் இன்ஜினியரிடம்.

“நானா?”

“உங்க வாய். நீங்க நிலைன்னது பழைய நிலைமையை. தச்சருக்கு நிலைன்னா கதவு மாட்டுற சட்டம். பழைய நிலைக்குக் கொண்டு வாங்கன்னீங்க, பழைய நிலைக்கே கொண்டு வந்துட்டார். பாலிஷ் போட நாலு ஆள் எதுக்குன்னு நீங்களும் கேக்கல. துருப்பிடிச்ச திருகாணி திருடனுக்கு எதுக்கு? திரும்ப மாட்டப் போறவருக்குத்தான் வேணும். முன்வாசல் திறந்து கிடக்கக் கூடாதேன்னு, இங்க கழட்டின பலகையை அங்க அடிச்சுட்டுப் போயிருக்கார்.”

நிம்மதியில் இன்ஜினியர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எந்த இடம் என்று உறைத்ததும் எழுந்தார்.

குழுத் தலைவி கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். எங்கும் உரசவில்லை. சட்டத்தில் பாதியில் நின்ற கொடி கதவில் தொடர்ந்து ஓடியது. முன்வாசல் ஆதியில் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது என்று அவரே சொல்லி, கட்டடத்தைப் பட்டியலில் சேர்த்தார். சந்தைக் கழுவச் சொன்னார்.

எல்லோரும் போனபின் தம்பி கேட்டான். “நீ என்னைச் சந்தேகப்பட்டதானே?”

“பட்டேன்.”

“இந்தத் தெருவுல எந்த வீட்டை விக்கணும்னாலும் மஞ்சக் கட்டடத்துல இருந்து எத்தனாவதுன்னு சொல்லித்தான் வழி காட்டுறேன். இதை இடிச்சா நானே தொலைஞ்சு போயிடுவேன்க்கா. இதை பில்டர்கிட்டயே சொன்னேன். விடாம திட்டினான். அதான் போனை அணைச்சுட்டேன்.”

“நான் அப்பவே சொன்னேன், உன் தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு” என்றார் கணவர், கூசாமல்.

இன்ஸ்பெக்டர் தம்பியின் தலையைப் பிடித்து ஆட்டிக் கலைத்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. சந்து நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்தார்.