தலைகீழாய் நின்ற அந்தோணியார்

சனிக்கிழமை காலை. மிச்சோவகான் மலைச்சாரலில் இருந்த அந்த வீட்டுச் சமையலறையில், சோளரொட்டி சுடும் கல் காய்வதற்கு முன்பே எதுவிகெஸ் அம்மாளின் குரல் சூடேறிவிட்டிருந்தது.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால அந்தோணியாரைத் தலைகீழா நிக்க வெச்சிருக்கா பாரு... மூக்கெல்லாம் பாசி."

மரச் சொரூபத்தைச் சால்வையால் துடைத்தபடி மருமகளை முறைத்தாள். சொரூப வணக்கத்தை ஏற்காத சுவிசேஷ சபையில் ஞானஸ்நானம் பெற்ற எலோயிசா, சனிதோறும் வேதப்புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்று நற்செய்தி சொல்பவள். கத்தோலிக்கரான மாமியாருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதும் நீதிமன்றம் அந்தச் சமையலறையைத் தவிர வேறெங்கும் இருக்க இயலாது!

"நான் செய்யல அத்தே."

"பின்ன யாரு, அவரே குட்டிக்கரணம் போட்டாரா?"

யாரென்று எலோயிசாவுக்குத் தெரியும். கல்யாணமே வேண்டாமென்று முப்பத்தைந்து வயதுவரை வீறாப்புப் பேசிய நாத்தனார் சாயோதான், மாப்பிள்ளை வரும்வரை புனிதரைத் தலைகீழாய் நிறுத்தும் பழைய வழக்கத்தை ஒளிந்து செய்திருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாதென்று அண்ணியிடம் வாக்கும் வாங்கியிருந்தாள்.

"இனிமே அந்தப் புத்தகத்தத் தூக்கிக்கிட்டு எவ வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது. போறதுன்னா பெட்டியோட போ."

கணவன் ஃபெர்மின் வாயில் அவரைக்குழம்பை அடைத்துக்கொண்டான். எலோயிசா கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை மட்டும் விட முடியாது அத்தே..."

அவள் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கியதும் சாயோ ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அண்ணி, போதும். அம்மா... நான்தான் வெச்சேன்."

"நீயா? யாருக்காகடி?"

"ரொட்டிக்கடை லியோபோல்தோ."

"அந்த வழுக்கையனா? அவனுக்கு எதுக்குடி புனிதரைக் கஷ்டப்படுத்தினே? நான் ஒரு அதட்டு அதட்டினா மோதிரத்தோட வந்து நிப்பானே."

ஃபெர்மினுக்குப் புரையேறியது. எதுவிகெஸ் அம்மாள் சிரிக்கவில்லை, மருமகளிடம் திரும்பினாள்.

"தெரிஞ்சும் ஏம்மா வாயத் தொறக்கல?"

"என்னை நம்பிச் சொன்னா. ஊரெல்லாம் நல்ல சேதி சொல்லிட்டு, வீட்டுல கோள் சொல்லவா அத்தே?"

மாமியார் பெட்டியிலிருந்த துணிகளைத் தானே வெளியே எடுத்து வைத்தாள்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்றே. எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னியா?"

"'வேற சபைக்காரங்க பிரசாரம் பண்ண வராதீங்க'ன்னு கதவுல அட்டை ஒட்டினது நீங்கதானே..."

"அது வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு. நீ வீட்டுப் பொண்ணு. உக்காரு. நான் சபை மாற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஆனா கேக்கறேன்."

எத்தனையோ வாசல்களில் தடையின்றிப் பேசிய எலோயிசாவுக்கு இங்கே விம்மலே முந்தியது. விம்மலே முந்தியது. எதுவிகெஸ் அம்மாள் நாற்காலியை நகர்த்தி, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"அழுதுக்கிட்டே சொல்லு, பரவால்ல. எனக்குப் புரியும்."