கடல் பக்கம் பாதை காலி

தண்டவாளம் அதிர்ந்துகொண்டிருந்தது. மலைப் பக்கமிருந்து ரயில் வரும்போது அதிர்வதுதான், அதற்கு அரியரத்தினம் திரும்பியும் பார்க்க மாட்டார். ஆனால் இது கடல் பக்கத்து நுனியில், முட்டுக்கட்டையின் அடியில் விறுவிறுத்தது. மலைப் பக்கம் போகப் போகச் செத்துப்போனது. முட்டுக்கட்டைக்கு அப்பால் பாதை கிடையாது. தண்ணீர்தான்.

ஹெலன்ஸ்பர்க் என்ற ஊருக்குக் கீழே, ஜப்பான் கம்பனிக்காரர் நிலக்கரி ஏற்றத் தங்கள் காசில் போட்ட தனிப்பாதையின் கடைசி ஸ்டேசன் அது. எழுபத்து நாலாம் ஆண்டு குளிர்காலம். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, வெளியே போக ஒரே வழி சுரங்கம். பொழுது சாய்ந்ததும் கடலிலிருந்து வெண்மூட்டமாய்ப் புகார் ஏறிவந்து கரித்தூளின் காரலையும் அழுகிய பாசியின் வீச்சத்தையும் ஒன்றாய்க் குழைத்து மூக்கில் அப்பும்.

அந்த ஸ்டேசனில் ரயிலுக்கு வழிவிடும் வேலையை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் சந்திரகலாவின் தம்பி யோகேஸ்வரன். அரியரத்தினம் எவரையும் லேசில் நம்புகிற ஆளில்லை. பெண்சாதியின் தம்பியாயிற்றே என்று நம்பினார். ஜப்பான்காரரின் வழக்கத்தையும் அவனே பழக்கினான். பாதையை விரலால் சுட்டிக் காட்டி, "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ரயில் உள்ளே வரும்.

இன்று அவரைத் தனியே விட்டுப் போகும்போது ஒன்று சேர்த்துச் சொன்னான்.

"பொழுதுபட கடல் பக்கமும் ஒருக்காக் காட்டிச் சொல்லுங்கோ, அத்தான். கம்பனிச் சட்டம்."

"அங்கால மீனுக்கே ரயில் விடுறாங்கள்?"

அவன் சிரிக்கவில்லை. அதை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

காட்டினார். சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்த அதிர்வு.

கொட்டிலுக்குள் போய்ப் போனைச் சுழற்றினார். மேல் ஸ்டேசனில் யோகேஸ்வரன் எடுத்தான்.

"டேய், கடல் பக்கம் தண்டவாளம் அதிருது."



"அப்ப, சொல்லிப்போட்டியளோ?"

"ஓம். நீதானே சொல்லச் சொன்னனீ."

"இண்டைக்கு என்ர முறை அத்தான். ஆரோ ஒருத்தர் சொல்ல வேணும். சொன்ன ஆளைத்தான் ஏத்துவினம். என்ர பிள்ளையள் சின்னனுகள். உங்களுக்குப் பிள்ளை ஒண்டுமில்லைத்தானே."

"உன்ர அக்கா இருக்கிறாளடா."

"அக்காவை நான் பாப்பன்."

லைன் அறுந்தது.

வாய்க்குள் கரித்தூளாய்க் கசந்தது. ஓடினார். கரிக்கல்லில் சறுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது, எழும்பி மறுபடி ஓடினார். சுரங்க வாயிலில் இரும்புக் கேற் சாத்தியிருந்தது. பிடித்து உலுக்கினார். பூட்டு அந்தப் பக்கம் தொங்கியது. கையை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை.

பின்னால் அலைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

கடல் அசையவில்லை. புகாருக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம். பிறகு வரிசையாக. ஜன்னல்கள்.

தண்ணீரிலிருந்து ஏறி வந்தது. ஒற்றைப் பெட்டி. விசில் இல்லை. சில்லு உருளும் சத்தமும் இல்லை. தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும். முட்டுக்கட்டையை ஒன்றுமே இல்லாததுபோல் ஊடுருவிக்கொண்டு வந்து, கேற்றடியில், அவருக்கு நேரே நின்றது.

கதவு திறந்தது.

உள்ளே ஆட்கள். எல்லாரும் கம்பனி உடுப்பில். ஊதி வெளுத்த முகங்கள். கண் இருந்த இடத்தில் சிப்பி.

ஒருவரும் எழும்பவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. கதவோரம் இருந்தவன் மட்டும் மெல்ல உள்பக்கம் அரக்கி, ஓர் ஆளுக்கு இடம் விட்டு, அந்த ஈர இருக்கையைத் தன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.